சதுப்பில் கிடந்தவர்கள்

வாளி மேலே வந்தபோது அதன் பல்லில் ஒரு மண்டை ஓடு மாட்டிக்கொண்டிருந்தது.

பொக்லைன் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். சதுப்பு நிலத்தைத் தோண்டி அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் போடும் வேலை. குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

ஒருவர் இருவரல்ல. குளிருக்குச் சுருண்டு தூங்குகிறவர்கள் மாதிரி, எல்லோரும் ஒரே பக்கம் முகம் திருப்பி, வரிசையாகக் கிடந்தார்கள். எலும்பெல்லாம் டீத்தண்ணி நிறம். ஒரு குழந்தையின் மார்புக்கூட்டுக்குள் கல்மணிகள் சிதறியிருந்தன. பக்கத்தில் கல்லைச் செதுக்கிச் செய்த கோடரி.

இரும்பையே பார்க்காத காலத்து மனிதர்கள் என்று அவனுக்கே புரிந்தது.

"வாயப் பொளந்துட்டு என்னத்தப் பாக்குற? நொறுக்கி மண்ணப் போடு. எவனாவது பாத்தா வேலைய நிறுத்திடுவானுங்க" என்றார் காண்ட்ராக்டர்.

அதற்குள் விஷயம் சமையல் கொட்டகைக்குப் போய்விட்டது. அங்கே ஆட்களுக்குச் சோறாக்கிக்கொண்டிருந்த டிரைவரின் தம்பி மனைவி, கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

தம்பியும் இங்கே, பம்ப் ரூம் கட்டும்போது வேலை பார்த்தவன்தான். போன வருடம் காணாமல் போனான். யாரோ ஒருத்தியோடு பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன் என்று வீடு தேடி வந்து சொன்னவர் காண்ட்ராக்டர். பாவம் பார்த்து அவளுக்குச் சமையல் வேலை கொடுத்தவரும் அவரே.

டிரைவர் அவரை நம்பினான். தம்பியை நினைத்துத் தலைகுனிந்தான். அவள் ஒருநாளும் நம்பவில்லை.

குழிக்குள் சறுக்கி இறங்கி, ஒரு மண்டை ஓட்டை மடியில் வைத்து முந்தானையால் சேற்றைத் துடைத்தாள். அழவில்லை. மேலே ஏறி வந்து மண்வெட்டியை எடுத்தாள்.

முதல் அடி காண்ட்ராக்டரின் தோளில் விழுந்தது. அடுத்தது காதைக் கிழித்தது. அவர் அவள் வயிற்றில் எட்டி உதைத்தார். விழுந்தவள் அவர் காலைப் பிடித்து இழுத்தாள். இருவரும் உருண்டு குழிக்குள் எலும்புகளின் மேல் விழுந்தார்கள். மடமடவென்று விலா எலும்புகள் முறிந்தன. யாருடையவை என்று தெரியவில்லை.

அவள் முதலில் எழுந்தாள். கூடவே விழுந்த மண்வெட்டியை எடுத்து அவர் முகத்துக்கு நேராக ஓங்கினாள்.

டிரைவர் குழிக்குள் பாய்ந்து, பின்னாலிருந்து அவள் கைகளை இறுக்கிப் பிடித்தான்.

"வேணாம்மா! இவங்கெல்லாம் எந்தக் காலத்து ஆளுங்களோ. நம்மாளு இல்லம்மா, நல்லாப் பாரு!"

அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. அவன் விடவில்லை.

கீழே மல்லாந்து கிடந்த காண்ட்ராக்டர், வாயில் வழிந்த ரத்தத்தோடு கையை உயர்த்திக் கத்தினார்.

"அடிக்காத! உன் புருஷன் இதுல இல்ல. அவன் பம்ப் ரூம் தளத்துக்கு அடியில..."

பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

மேலே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் பம்ப் ரூம் பக்கம் திரும்பினார்கள்.

டிரைவர் அவள் கைகளை விட்டான்.