வெள்ளைச் சேலை

கையில் வெள்ளைச் சேலையோடு வந்து நின்றாள் றாவியத்தும்மா. மருமகள் சுலைஹாவோ சட்டப் புத்தகத்தை விட்டுத் தலை தூக்கவில்லை.

“புருசன் மௌத்தாகி நாப்பது நாளாகப் போகுது. வெள்ளை உடுத்து வீட்டோட இத்தா இருக்காம, கலர்ச் சேலையோட கொழும்புக்குப் போய்வாறாய். ஊரே கதைக்குது புள்ள!”

“நாளைக்கும் போகணும் மாமி.”

“அப்படியென்ன படிப்பு?”

“மனித உரிமைச் சட்டம். உலக நாடுகள் சேந்து எழுதினதும், நம்மட நாட்டுச் சட்டமும்.”

“மார்க்கச் சட்டம் மறந்து போச்சா?”

சுலைஹா புத்தகத்தை மூடினாள்.

“மையத்தைக் கண்டீங்களா மாமி? அடக்கின இடம் தெரியுமா?”

றாவியத்தும்மா சேலையோடு பாயில் உட்கார்ந்தாள்.

“அவரை ஜீப்புல ஏத்திட்டுப் போனவங்க, நாங்க பிடிக்கவே இல்ல எண்டுறாங்க. பிடிச்ச ஆளை நீதவான் முன்னால நிறுத்தணும் எண்டு நான் படிக்கிற ரெண்டு சட்டமும் சொல்லுது. அதுக்குத்தான் வழக்குப் போட்டிருக்கன். நான் வெள்ளை உடுத்தா, உங்கட மகன் உசிரோட இல்லையெண்டு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிடும்.”

றாவியத்தும்மா சேலையைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள். பிறகு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் லெப்பை வீட்டுக்கு நடந்தாள், மகன் பேரில் நாற்பதாம் நாள் கத்தம் ஓத வரவேண்டாமென்று சொல்ல.