நிற்க வேண்டிய நிமிடங்கள்

மார்ச் பதினொன்று, காலை பத்து மணி இருபது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை.

மருத்துவமனையின் பயிற்சி அறையில் அவளுடைய அப்பாவை நிற்கவைத்திருந்தார்கள். மார்பில் ஒரு பட்டை, இடுப்பில் ஒன்று, முழங்கால்களில் ஒன்று. பக்கவாதம் தாக்கிய வலப்பக்கம் சரிந்துவிடாதபடி நிமிர்ந்த பலகையொன்று அவரைத் தாங்கியது.

மருத்துவர் எலும்பு அடர்த்தி அறிக்கையைக் காட்டினார். இடப்பக்கத்து இடுப்பெலும்பு வயதுக்கேற்றபடி இருந்தது. வலப்பக்கத்தது, ஏழே மாதங்களில், கரையான் அரித்த சட்டமாகியிருந்தது.

"பாரம் ஏறாத எலும்பு கரைஞ்சுக்கிட்டே போகும்மா. மாத்திரை மட்டும் போதாது, தினமும் நிக்கணும். இவரு கால் மணிக்கே ஊரைக் கூட்டுறாரு. பாவமா இருந்தா சொல்லுங்க, விட்டுடலாம்."

நினைவு தடுமாறியவருக்காக முடிவெடுக்க வேண்டியவள் மகள்தான்.

"போதும் பாப்பா… உக்கார வைக்கச் சொல்லு."

அழுகையோடு குழறலாகத்தான் வந்தது. ஆனாலும் அவளைப் பாப்பா என்று அப்பா அழைப்பது ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

பயிற்சி தரும் பெண்ணின் கை பட்டையின் கொக்கிக்குப் போயிற்று.

"எவ்வளவு நேரம் வரைக்கும் நிக்கலாம், டாக்டர்?" என்றாள் மகள்.

"அரை மணி போதும். ரத்த அழுத்தம் சரியா இருந்தா ஒரு மணி வரைக்கும்கூட நிக்கலாம்."

மருத்துவர் தந்த ஒப்புதல் படிவத்தை அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். பிறகு, சன்னலைப் பார்த்திருந்த பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னாள்.

"சன்னல்னா ஐயாவுக்குக் கொஞ்சம் பொழுது போகுமே, அக்கா."

"வேணாம்மா. பராக்குப் பார்த்தா தலை தொங்கிடும்."

பலகையின் சக்கரங்கள் மெல்லத் திரும்பின. சுவர் எதிரே வந்ததும் அப்பாவின் அழுகை நின்றது. யாரும் சொல்லாமலே அவர் தலையை நிமிர்த்திக்கொண்டார்.

இருவேளை, தினமும், நாற்பத்தைந்து நிமிடம் என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"பெத்தவங்களைக் கைகழுவிட்டுப் போற காலம் இது. உங்களை மாதிரி பொண்ணு கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார் மருத்துவர். "அது என்னம்மா கணக்கு, நாற்பத்தஞ்சு?"

"சின்ன வயசுல அப்பா சுவரைப் பார்த்து நிக்க வச்சா எப்பவும் அவ்வளவுதான், டாக்டர். தம்பிக்குத்தான் முடியாது, நடுவுல விழுந்துடுவான். விழுந்தா முதல்லேருந்து நிக்கணும்."

படிவத்தை அவரிடம் நீட்டினாள்.