குப்பைக் கிடங்கு ஆந்தை

"ஹால்வர் பொய் சொல்லிட்டார் டீச்சர். அவர் பேர் மேல சிவப்புக் கோடு போடுங்க!"

டுவைட் கோப்பையை மேஜையில் வைத்த வேகத்தில் பாதி காப்பி வெளியே சிந்தியது.

சனிக்கிழமை காலை. சர்ச் கீழ்த்தளத்தில் எங்கள் பறவைச் சங்கம் கூடியிருந்தது. அந்த வாரம் யார் எந்தப் பறவையைப் பார்த்தார்கள் என்று வெர்னா டீச்சர் பட்டியல் எழுதி, நூலகப் பலகையில் ஒட்டுவார். அரிய பறவை என்றால் சனிக்கிழமைக்குள் இரண்டாவது சாட்சி வேண்டும். சாட்சி வரவில்லையென்றால், பார்த்ததாகச் சொன்னவர் பெயர் மேல் சிவப்புக் கோடு விழும். ஊரே அதைப் படிக்கும்.

ஹால்வர் நாற்பது வருஷ உறுப்பினர். ஒரு கோடு வாங்கியதில்லை. அந்த மனுஷனுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அவர்தான் போன ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் போன் போட்டு, குப்பைக் கிடங்கு ரோட்டில் பெரிய சாம்பல் ஆந்தையைப் பார்த்ததாகச் சொன்னார்.

"மைனஸ் இருபத்தெட்டு குளிர்ல அஞ்சு நாள் அங்க நின்னேன். ஊர்க் குப்பைதான் பாத்தேன்" என்றான் டுவைட். "வெளியூர்லேருந்து வந்த கேமராக்காரங்க இருபது பேர் இன்னும் அங்கயே நிக்கிறாங்க. பாவம்."

நானும் மூன்று நாள் நின்றவன்தான். கால் விரல் இன்னும் மரத்துக் கிடந்தது. எனக்கும் எரிச்சல்.

வெர்னா டீச்சர் எங்கள் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அரை மார்க் சும்மா தரமாட்டார்.

"கோடு போடறதுக்கு முன்னாடி அவரையே ஒரு வார்த்தை கேக்கணும். கிளென், வண்டியை எடு" என்றார் என்னிடம்.

டீச்சரும் நானும் மட்டும் போனோம். ஹால்வர் பண்ணை, குப்பைக் கிடங்குக்கு நேரெதிரே, ஊருக்கு மறுகோடியில் இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டதுமே மனுஷன் வெளியே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. எங்கள் ஊரில் தபால் கொண்டுவருகிறவருக்கே காப்பி ஊற்றாமல் விடமாட்டார்கள். சரி, குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"ஹால்வர், ஆந்தையைப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன் வெர்னா."

"குப்பைக் கிடங்கு ரோட்டுலயா?"

அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கோட்டைப் போட்டுடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

நாற்பது வருஷப் பெருமையை விட்டுக்கொடுப்பது லேசா?

டீச்சர் வீட்டுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சரி. ரோடே இல்லாத வயல் நடுவுல எதுக்குப் பனி தள்ளியிருக்கே?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். போன சனிக்கிழமை ராத்திரி பெய்த மழை உறைந்து, பனிக்கு மேல் ஐஸ் ஓடு போட்டிருந்தது. வயல் முழுக்கக் கண்ணாடியாக மின்னியது. நடுவில் மட்டும் நீளநீளமாக நாலு பட்டை, டிராக்டரால் ஐஸைச் சுரண்டி எடுத்த பட்டை.

"ஐஸை உடைச்சுக்கிட்டு அதால எலி பிடிக்க முடியல" என்றார் ஹால்வர் மெதுவாக. "ரெண்டு நாள் பட்டினி. தினம் காலைல நான் கொஞ்சம் சுரண்டி விடறேன்."

வேலிக் கம்பத்தின் மேல் ஒரு சாம்பல் மூட்டை திரும்பி, மஞ்சள் கண்ணால் எங்களைப் பார்த்தது. பிறகு சத்தமே இல்லாமல் பறந்து, பட்டையில் தலைகுப்புற விழுந்து, ஒரு எலியோடு எழுந்தது.

நான் பைனாகுலரை எடுக்க மறந்தேபோனேன்.

"அப்ப எதுக்கு ஊரெல்லாம் போன் போட்டீங்க? பேசாம இருந்திருக்கலாமே?" என்றேன்.

"யாரோ இந்தப் பக்கம் பறக்கிறதைப் பாத்துட்டு சொல்லிட்டாங்க. இந்த ரோடு பூரா கேமரா. வேற ஒரு இடம் சொன்னாத்தான் எல்லாரும் அங்க போய் நிப்பாங்க." என்னை நேராகப் பார்த்தார். "போன வருஷம் நடந்தது உனக்குத் தெரியுமே கிளென்."

தெரியும். போட்டோவுக்காகக் கடையில் வாங்கின எலியை ரோட்டோரம் வீசினார்கள். பிடிக்க இறங்கிய ஆந்தை லாரியில் அடிபட்டுச் செத்தது. நானும் அந்தக் கூட்டத்தில் கேமராவோடு நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திரும்பும் வழியில் டீச்சர் வண்டியை நேராக நூலகத்துக்கு விடச் சொன்னார்.

நூலகத்தில் பட்டியலைப் பலகையில் ஒட்டினார். சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஹால்வர் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டு நீலப் பேனாவை எடுத்து, அழகான கையெழுத்தில் எழுதினார்:

'பெரிய சாம்பல் ஆந்தை. குப்பைக் கிடங்கு ரோடு. வியாழன் காலை பத்து மணி. இரண்டாவது சாட்சி: வெர்னா லிண்ட்குவிஸ்ட்.'

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"டீச்சர்! வியாழக்கிழமை பத்து மணிக்கு உங்களைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதே நான்தானே!"

"ஆமா. போற வழியிலதான் பாத்தோம்" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். "நீயும் கையெழுத்துப் போடு."