ஒன்பது விருந்தாளிகள்

ஆளுக்கொரு ஸ்லைடு ஷோ காட்டிச் சிரிக்கவைக்க வேண்டும் என்பதுதான் மருந்துக்கடைக்காரி வீட்டு விருந்தில் இன்றைய விதி. அவள் சுவரில் கட்டியிருக்கும் போர்வைமேல் இப்போது ப்ரொஜெக்டரிலிருந்து கணக்கு டீச்சர் போட்ட கட்ட வரைபடம் விழுகிறது: "கூப்பிட்டாலும் வராத நம் மருந்துக்கடைக்காரியின் சாக்குகள், இந்த வருஷம்." தலைவலிக்கு நாலு நீலக் கட்டம், வண்டி ரிப்பேருக்கு ஆறு, வீட்டுக்கு விருந்தாளி வந்ததற்கு ஒன்பது. கூடமே குலுங்குகிறது. "யாருடி அந்த ஒம்போது பேரு, எங்களுக்குத் தெரியாம?" என்று தையற்காரத் தோழி வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். "சொன்னா பொறாமப்படுவீங்க," என்று மருந்துக்கடைக்காரியும் சிரிக்கிறாள். கையிலிருக்கும் தட்டிலிருந்து ஆளுக்கொரு டம்ளரை எடுத்து நீட்டுகிறாள். இந்த வருஷம் இந்த வாசற்படி ஏறியவர்கள் இவர்கள் மட்டும்தான். ஒன்பதாவது கட்டம் விழுந்திருக்கும் இடத்தில் பழைய கண்மைக் கறை தெரிகிறது. அந்த ஒன்பது சாயங்காலமும் அவள் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தது இந்தப் போர்வையைத்தான்.