பச்சை நூல் கட்டு

துறைமுகக் கந்தோரின் மேற்கு ஜன்னலால் நாலு மணி வெயில் மேசையில் விழுகிறது. சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைத் தேய்க்கிறார். அவருக்கு முன்னால் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற துளையிட்ட அட்டைகள், ஒவ்வொன்றிலும் அவர் எழுதிய கட்டளையின் ஒரு வரி. ஒவ்வொரு கணக்கும் தனிக் கட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் தனி நிற நூல். பச்சை நூல் கட்டு கடலின் வற்றுப்பெருக்குக் கணக்கு. நேரத்தைக் கொடுத்தால் அந்த நேரத்து ஆழத்தைச் சொல்லவேண்டும், வேறெதையும் தொடக்கூடாது. கொழும்புக் கம்ப்யூட்டரிலிருந்து மூன்றாம் தரமும் பிழையாகத்தான் விடை வந்திருக்கிறது. முதற் கப்பலுக்கு ஆழம் சரி, அடுத்ததற்கு ஓரடி கூட, அதற்கடுத்ததற்கு இரண்டடி. அதை நம்பி உள்ளே விட்டால் கப்பல் தரைதட்டும். வெளியே பாரந்தூக்கி கிறீச்சிடுகிறது. தேநீரில் ஆடை படர்ந்துவிட்டது. அவர் எழுதிக் கொடுப்பதை அட்டைகளில் துளையாக அடிக்கிற பரீதா பச்சை நூல் கட்டைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு அட்டையை உருவி வெயிலுக்குப் பிடிக்கிறாள். துளைகளின் வெளிச்சம் அவள் கன்னத்தில் புள்ளி புள்ளியாக விழுகிறது.

“இதுதான் சேர். எல்லாக் கட்டுக்கும் பொதுவா வச்சிருக்கிற ஆழத்தை எடுத்து, வற்றுப்பெருக்கைக் கூட்டி, திரும்ப அதிலேயே எழுதிப்போடுது. அடுத்த கப்பல் அந்தக் கூடின ஆழத்திலயிருந்துதான் தொடங்குது.”

அவர் அட்டையை வாங்கிப் பார்க்கிறார். அவர் எழுதிய வரிதான்.

“எப்ப கண்டனீங்கள்?”

“முதல் தரம் அடிக்கக்குள்ளயே.”

மூன்று கிழமைகள் போய்விட்டன. “ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

அவள் அட்டை அடிக்கும் இயந்திரத்துக்கு மேலே சுவரைப் பார்க்கிறாள். அவருடைய கையெழுத்தில், வெயிலில் மங்கிய தாள்: தந்ததை அப்படியே அடிக்கவும். கேள்வி வேண்டாம்.