மாத்திக்கலாமா?

ஹோபர்ட்டின் வண்டி வாசலில் வந்து நிற்பதை வெர்லீன் பார்த்துவிட்டாள்.

"வந்துட்டானுங்க, பிணந்தின்னிக் கழுகுங்க" என்று அடுப்படியிலிருந்தே முணுமுணுத்தாள்.

வியாழக்கிழமை தவறாது. ஹோபர்ட் உள்ளே வருவார். க்ளோவிஸ் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். இருவரும் மடக்குக் கத்தி சேர்க்கிறவர்களின் சங்கத்து ஆட்கள், வெர்லீனின் கணவர் ஓடெலுக்கு முப்பது வருஷத்துக் கூட்டாளிகள்.

ஓடெலுக்கு இரண்டு வருஷமாக நினைவு தப்பிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி பெயரே மறந்துபோகிற நாளும் உண்டு. பையில் மடக்குக் கத்தி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க மட்டும் அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

அந்தக் கத்திகள்தான் வெர்லீனின் தூக்கத்தைக் கெடுத்தன. ஒரே பிடியில் இரண்டு அலகு, மூன்று அலகு, நாலு அலகு என்று வீடு முழுக்கக் கத்தி. ஒவ்வொன்றும் மயிரைச் சிரைக்கிற கூர். இரண்டு மாதத்துக்கு முன் ஓடெலின் கட்டைவிரலில் ஏழு தையல்.

"இன்னொரு தடவை ரத்தம் வந்துது, அப்பாவை முதியோர் இல்லத்துல சேர்த்துட வேண்டியதுதான்" என்று நாஷ்வில் நகரத்திலிருந்து மகன் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

ஒளித்து வைத்தும் பார்த்தாள். கத்தியைத் தேடிக்கொண்டு ஓடெல் வெறுங்காலோடு நெடுஞ்சாலைவரை போய்விட்டார். அன்றோடு அந்த யோசனையைக் கைவிட்டாள்.

இந்த லட்சணத்தில் கூட்டாளிகள் வேறு. வந்தவருக்கு ஒரு கிளாஸ் ஐஸ் டீகூட வைக்கவில்லை அவள். அந்த ஊரில் அதற்கு மேல் ஒருவரை அவமானப்படுத்த முடியாது.

ஹோபர்ட் கண்டுகொள்ளாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ன ஓடெல், இன்னிக்குப் பையில எது?"

ஓடெல் எடுத்து மேசைமேல் வைத்தார். மான்கொம்புப் பிடி, மூன்று அலகு. அவருடைய அப்பா வைத்திருந்தது. யார் யாரோ கேட்டும் கை மாறாத கத்தி.

ஹோபர்ட் தன் பையிலிருந்து பளபளவென்று ஒன்றை எடுத்தார். "மாத்திக்கலாமா?"

கத்தி சேர்க்கிறவர்களிடம் சும்மா கேட்டால் தரமாட்டார்கள். விலை பேசினால் முறைப்பார்கள். 'மாத்திக்கலாமா' என்றால் மட்டும் கை தானாக நீளும்.

"இது நாலு அலகு. உன்னுது மூணுதான், பார்த்துக்கோ."

"நாலா?" ஓடெலின் கண் விரிந்தது. "ஏமாந்துடாதே ஹோபர்ட்! அப்புறம் வந்து அழக்கூடாது."

"அழமாட்டேன்."

கை மாறிவிட்டது. வெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹோபர்ட் கிளம்பியதும் வண்டிவரை துரத்திக்கொண்டு போனாள்.

"நில்லு! வெட்கமா இல்லே? புத்தி தடுமாறின மனுஷன்கிட்ட ஒவ்வொண்ணா உருவிக்கிட்டுப் போறியே! சர்ச்சுல முன்வரிசை வேற உனக்கு!"

ஹோபர்ட் வாயைத் திறக்குமுன் வீட்டு ஜன்னல் வழியாக அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

ஓடெல் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தார். புதுக் கத்தியின் பெரிய அலகை விரித்து முழங்கைக்குக் கீழே வைத்தார். மயிரைச் சிரைத்துக் கூர் பார்ப்பது கத்திக்காரர்களின் வழக்கம். ஆனால் அவர் கை நடுங்கியது. நடுக்கத்தோடு அழுத்தி இழுத்தார்.

"ஐயோ!"

வீட்டைப் பார்த்து ஓடப்போனாள். ரத்தம், ஆம்புலன்ஸ், மகன், இல்லம் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்தன.

ஹோபர்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பதறாதே வெர்லீன்மா. நல்லாப் பாரு."

ஓடெல் மறுபடியும் இழுத்தார். இன்னொரு தரமும் இழுத்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஒரு மயிர்கூட உதிரவில்லை. அவர் பாட்டுக்கு அலகை ஊதிவிட்டுப் பெருமையாகச் சிரித்துக்கொண்டார்.

"வெறும் மொண்ணை" என்றார் ஹோபர்ட். "ரெண்டு மாசமா நான் கொடுத்தது அத்தனையும் மொண்ணைதான். க்ளோவிஸ் அரத்தால ராவித் தரான். ஊர்க் கத்திக்கெல்லாம் சாணை பிடிச்ச கை. பாவம், ஒவ்வொண்ணுக்கும் என்னைத் திட்டிக்கிட்டே ராவறான்."

வண்டிக்குள் க்ளோவிஸ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மடியில் மூடி திறந்த ஒரு மரப்பெட்டி. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய கத்திகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: 'ஓடெலுடையது.'

"கூரா இருந்ததுல கடைசி இந்த மான்கொம்புதான். இனி உன் சமையல் கத்தியை மட்டும் பூட்டி வை. தையல் போட்டதுக்கப்புறம் அவனுக்கு ஒரு கீறலாவது பட்டிருக்கா, சொல்லு?"

யோசித்துப் பார்த்தாள். இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி! தினமும் செத்துப் பொழைக்கறேனே!"

ஹோபர்ட் தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்கோம்மா. அவனுக்கு எது மறந்தாலும் உன் மூஞ்சியைப் படிக்க மறக்கலே. நீ பயப்படறதை நிறுத்தினா, கத்தியில ஏதோ கோளாறுன்னு அன்னிக்கே கண்டுபிடிச்சிடுவான். அப்புறம் சாணைக்கல்லைத் தேட ஆரம்பிச்சிடுவான்."

வெர்லீன் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாலு அலகையும் விரித்துப் பிடித்தபடி ஓடெல் நின்றுகொண்டிருந்தார். "பார்த்தியா வெர்லீன்? என்ன கூரு!"

அவள் வாசற்படியிலேயே நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ, மடக்கு ஓடெல்! எனக்குக் கை காலெல்லாம் உதறுது!"

ஓடெலின் முகம் மலர்ந்தது. நாலையும் பொறுமையாக மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அவள் தோளை அணைத்துக்கொண்டார்.

"பைத்தியம்! எதுக்கு இப்படிப் பயந்து சாகறே? நான் இருக்கேன்ல!"