அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவில்

ஒரு நாளைக்கு நாற்பது தடவை விடுதலை அடைந்த அடிமை இந்த உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்பாள் கெஸியா. சலவைக் கொட்டகைப் பெண்கள் சிரிக்கிற சிரிப்பில் அண்டாவில் கொதிக்கிற தண்ணீரே தளும்பும். அவள் விடமாட்டாள். எசமான் வீடு சரியாக இரண்டு மாநிலங்களின் எல்லைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருந்ததாம். கோடு சமையலறைக்குள்ளேயே புகுந்து போனதாம். அடுப்பு இருந்தது அடிமைகள் இல்லாத பென்சில்வேனியாவில். அவள் மகள் கிடந்த, தரையில் வைத்து ஆட்டும் மரத்தொட்டில் அடிமைமுறை உள்ள மேரிலாந்தில்.

“சோளக்கூழ் கிண்டும்போது நான் மகாராணி. பிள்ளை அழுதால் போச்சு, மறுபடி அடிமை.”

“பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வடக்கே ஓடியிருக்கலாமே” என்பார் அழுக்குமூட்டை கொண்டுவரும் கிழட்டு வண்டிக்காரர் அமோஸ். “அப்படி ஒரு வீடே கிடையாது. புளுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா, கெஸியா?”

“எசமானி தொட்டில்மேல் காலை வைத்துக்கொண்டுதான் நாள் முழுக்கக் கம்பளி பின்னுவாள்.”

“பிறகு எப்படித்தான் வந்தாய்?” என்று இன்று வேலைக்குப் புதிதாக வந்த ஒருத்தி கேட்டாள்.

கெஸியா பிழிந்துகொண்டிருந்த விரிப்பை விடவில்லை. “ஒருநாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினேன். எசமானி பின்னிக்கொண்டுதான் இருந்தாள். அவள் கால் வெறும் தரையில் இருந்தது. அதற்கப்புறம் கோட்டுக்குத் தெற்கே எனக்கென்ன வேலை?”

யாரும் சிரிக்கவில்லை. வழக்கமான கிண்டலுக்காக எல்லாரும் அமோஸைப் பார்த்தார்கள். அவர் மூட்டையை இறக்கி வைத்தார். அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அடிமை வியாபாரிக்காக அந்தத் தொட்டிலை வண்டியில் ஏற்றியது நான்தான்” என்றார். “பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்.”